ஒளிக்காமல் கொடுத்த வித்தை

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், 1930-களில் ஒருநாள், பதின்வயதுச் சிறுவன் ஒருவன் அவ்வூரில் பெயர்பெற்றிருந்த மூத்த டிரம்பெட் கலைஞர் ஒருவரை அணுகித் தன் ஐயத்தைப் பணிவோடு கேட்டான். தாழ்ந்த சுரங்களை ஊதும்போது தன் நாதம் மெலிந்து போகிறது, அதைச் சீர்செய்ய வழி என்ன என்பதே அவன் கேள்வி. முதியவர் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லாமல் விடை சொன்னார். வீட்டில் நிலைக்கண்ணாடி இருந்தால் அதன்முன் நிமிர்ந்து உட்கார வேண்டும், பற்களை இறுகக் கடித்துக்கொள்ள வேண்டும், பின்பு காதை அசைக்கப் பழக வேண்டும் என்றார். சிறுவன் அதை வேதவாக்காக ஏற்றான். கண்ணாடியின் முன் அமர்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு காதை அசைத்தான். நாதம் மட்டும் அப்படியே இருந்தது. தான் ஏமாற்றப்பட்டதை அவன் உணரச் சிறிது காலம் ஆயிற்று.

அந்தச் சிறுவன் கிளார்க் டெரி. பின்னாளில் கவுண்ட் பேஸி, டியூக் எலிங்டன் ஆகிய இருபெரும் ஜாஸ் மேதைகளின் குழுக்களிலும் வாசித்துப் புகழ்பெற்றவர். அந்தப் புகழைக்காட்டிலும் தம் மாணவர்களைப் பெரிதாக மதித்தவர். டிரம்பெட் என்னும் கருவி நமக்கு அயலானதன்று. கோவில் திருவிழாவில் தேருக்கு முன்னே செல்லும் பேண்டுக் குழுவில், பித்தளை மின்ன, மூன்று வால்வுகளை விரல்கள் அழுத்த, கன்னம் புடைக்க ஊதப்படும் குழல் அது. ஜாஸ் இசை அத்துணை பழக்கமானதன்று. அடிமைகளாய் அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் வழித்தோன்றல்கள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸ் போன்ற நகரங்களில் உருவாக்கிய இசை அது. எழுதிய சுரங்களைத் தாண்டி, அந்தந்த நேரத்தில் கற்பனையாக விரித்து வாசிப்பது அதன் உயிர்நாடி. நம் கலைஞர்கள் ஓர் இராகத்தை ஆலாபனை செய்வதை எண்ணிக்கொண்டால் ஓரளவு விளங்கும்.

டெரி பிறந்தது 1920 டிசம்பர் 14-ஆம் நாள். பதினொரு பிள்ளைகளில் ஏழாவது பிள்ளை. தாயைச் சிறுவயதிலேயே இழந்தார். தந்தை எரிவாயு நிறுவனம் ஒன்றில் தொழிலாளி. மகன் இசையின்பின் போவதை அவர் விரும்பவில்லை. பத்து வயதளவில் டியூக் எலிங்டன் குழுவின் இசையைக் கேட்டது முதல் சிறுவனுக்கு டிரம்பெட் ஏக்கம் பிடித்துவிட்டது. வாங்கப் பணம் ஏது? பழைய இரும்புக் குப்பையைக் கிளறினான். தோட்டத்துக்கு நீர்பாய்ச்சும் ரப்பர் குழாய்த் துண்டு ஒன்று கிடைத்தது. அதைச் சுருட்டிக் கம்பியால் கட்டினான். ஒரு முனையில் புனலைச் செருகினான். அது நாதம் வெளிப்படும் அகன்ற வாய். மறுமுனையில் ஈயக் குழாய்த் துண்டு, அது ஊதுவாய். இந்த விந்தைக் கருவியை அவன் ஓயாமல் ஊதியதைக் கேட்டுச் சலித்த அக்கம்பக்கத்தார் தங்களுக்குள் காசு திரட்டி, 12 டாலர் 50 சென்ட் கொடுத்து அடகுக் கடையிலிருந்து உண்மையான டிரம்பெட் ஒன்றை வாங்கித் தந்தனர். இரக்கத்தால் வாங்கினார்களோ, காதுக்கு அமைதி வேண்டி வாங்கினார்களோ! இரண்டும் கலந்தே இருந்திருக்கும். எப்படியாயினும் அவருடைய முதல் கருவி ஏழைகள் பலர் சேர்ந்து கொடுத்த கொடை.

கருவி இவ்வாறு கிடைத்துவிட்டது. வித்தை கிடைப்பதுதான் அரிதாயிருந்தது. மூத்தவர் ஏன் அவ்வாறு ஏமாற்றினார் என்று நாம் சினம் கொள்ளுமுன் அக்காலத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். அமெரிக்கா பொருளாதாரப் பெருமந்தத்தில் மூழ்கியிருந்த ஆண்டுகள் அவை. செயின்ட் லூயிஸ் மிசிசிப்பி ஆற்றங்கரை நகரம். ஆற்றில் ஓடும் உல்லாசக் கப்பல்களிலும் சில நடனக் கூடங்களிலும்தான் கறுப்பினக் கலைஞருக்குப் பிழைப்பு. நகரில் டிரம்பெட் வாசிப்பவர்களோ ஏராளம். கற்றுக்கொடுக்கும் ஒவ்வொரு இளைஞனும் நாளை தன் இடத்தைப் பறிக்க வரும் போட்டியாளன். புலிக்கு எல்லா வித்தையும் கற்றுத்தந்த பூனை, மரம் ஏறுவதை மட்டும் தனக்கென வைத்துக்கொண்ட கதையை நாம் சிறுவயதில் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். பூனையின் பக்கத்தில் நியாயம் உண்டு. ஆனால் அந்தக் கதையில் வித்தை ஒரு தலைமுறையில் ஒரு படி குறைகிறது என்பதை நாம் கவனிப்பதில்லை.

ஏமாற்றத்தை உணர்ந்த நாளிலேயே, தாம் ஒருநாள் வித்தை அறிந்தவரானால் கேட்பவர் எவருக்கும் ஒளிக்காமல் சொல்வது என்று உறுதி பூண்டதாக டெரி பிற்காலத்தில் பலமுறை கூறியிருக்கிறார். மேலோட்டமாய்ப் பார்த்தால் அழகான கதை. ஆனால் அவரே ஒளிக்காமல் சொன்ன இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது.

இல்லினாய் மாநிலத்தின் தென்பகுதியில் கார்பண்டேல் என்றோர் ஊர். இருபது வயதை ஒட்டிய இளைஞராக டெரி ஒரு குழுவுடன் அங்கு வாசிக்கச் சென்றிருந்தார். பள்ளிக் குழுக்களும் வந்திருந்தன. ஒரு குழுவிலிருந்து ஒல்லியான, கூச்சம் மிகுந்த சிறுவன் ஒருவன் அவரை அணுகி டிரம்பெட் பற்றி ஏதோ கேட்டான். சுற்றிலும் அழகிய இளம்பெண்கள் நிறைந்திருக்க, டெரியின் கவனம் அங்கே இருந்தது. இப்போது டிரம்பெட் பற்றிப் பேச மனமில்லை என்று சிறுவனைத் தட்டிக்கழித்துவிட்டார். சில காலம் சென்றது. செயின்ட் லூயிஸ் நகரின் எல்க்ஸ் மன்றத்துக்கு ஓரிரவு டெரி போனார். மாடிப்படி ஏறும்போதே மேலிருந்து வந்த டிரம்பெட் ஒலி அவரை நிறுத்தியது. யார் இவன் என்று விரைந்து ஏறிப்போய்ப் பார்த்தால் மெலிந்த உடலுடன் ஒரு சிறுவன். எங்கோ பார்த்த முகமாக இருக்கிறதே என்றார். கார்பண்டேலில் தட்டிக்கழிக்கப்பட்டவன் தானேதான் என்று சிறுவன் நினைவூட்டினான். அவன் மைல்ஸ் டேவிஸ். பிற்காலத்தில் ஜாஸ் இசையின் போக்கையே பன்முறை திருப்பிவிட்டவர்.

காதை அசைக்கச் சொன்னவர் பொய் சொல்லித் துரத்தினார். டெரி பொய் சொல்லவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார். கேட்ட சிறுவனுக்கு இரண்டும் ஒன்றே. நமக்கு இழைக்கப்பட்ட தீங்கை மறவாமலிருந்தும் அதையே அடுத்தவனுக்கு அறியாமல் செய்துவிடுகிறோம். டெரி இக்கதையைத் தம்மைத் தாமே நகையாடிச் சொல்வது வழக்கம். ஆனால் அதன்பின் அவர் செய்தது நகைச்சுவையன்று. மைல்ஸை உடன் அழைத்துக்கொண்டு நகரின் மன்றங்களுக்குச் சென்று, மூத்த கலைஞர்களோடு சேர்ந்து வாசிக்க வைத்தார். செயின்ட் லூயிஸ் ஜாஸ் உலகின் கதவைத் தனக்குத் திறந்துவிட்டவர் டெரி என்று மைல்ஸ் தம் தன்வரலாற்றில் நன்றியோடு ஒப்புக்கொள்கிறார்.

1942-இல் டெரி கடற்படையில் சேர்ந்தார். அதுவரை அமெரிக்கக் கடற்படையில் கறுப்பின வீரர்களுக்குச் சமையற்கூடமும் பரிமாறும் வேலையுமே உரியவையாயிருந்தன. போர்க்காலத்தில் பிற பணிகளும் திறக்கப்பட்டபோது, சிகாகோவுக்கு வடக்கே கிரேட் லேக்ஸ் பயிற்சி நிலையத்தில் கறுப்பின இசைக்கலைஞர்கள் பெருந்தொகையாய்ச் சேர்க்கப்பட்டனர். தனி முகாம், தனிக் குடியிருப்பு. நிறத்தால் ஒதுக்கப்பட்ட அந்த இடமே இசைக்கல்லூரி போல் ஆனது விந்தை. நாடெங்குமிருந்து வந்த தேர்ந்த கலைஞர்கள் பகலும் இரவும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றனர். டெரி அங்கு ஒரு புது வழி கண்டார். கிளாரினெட் கருவிக்கு எழுதப்பட்ட பயிற்சிநூலை எடுத்து டிரம்பெட்டில் வாசித்துப் பழகினார். கிளாரினெட்டில் விரைந்து வழுக்கிச் செல்லும் சுரக்கோவைகள் டிரம்பெட்டுக்குக் கடினமானவை. அவருடைய வாசிப்பில் பின்னர் எல்லோரும் வியந்த நீரோட்டம் போன்ற நடை அங்கே கிடைத்ததுதான்.

போருக்குப் பின் வளர்ச்சி விரைந்தது. 1948 முதல் 1951 வரை கவுண்ட் பேஸியின் குழு. 1951 முதல் 1959 வரை டியூக் எலிங்டனின் குழு. பேஸியிடம் இருந்ததைப் புகுமுக வகுப்பு என்றும் எலிங்டனிடம் இருந்ததைப் பல்கலைக்கழகம் என்றும் அவர் குறிப்பிடுவார். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவியது சிறு பொய் ஒன்றின் துணையோடு என்பதையும் இங்குச் சொல்லிவிட வேண்டும். உடல்நலமில்லை என்று பேஸியிடம் கூறி ஊர் திரும்பு, நாங்கள் செயின்ட் லூயிஸ் வரும்போது எங்களோடு சேர்ந்துகொள் என்று எலிங்டன் தரப்பில் யோசனை வந்தது. டெரி அவ்வாறே செய்தார். பேஸியோ, அண்மையில்தான் கொடுத்திருந்த ஊதிய உயர்வைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அந்தப் பொய் டெரியின் நெஞ்சை ஆண்டுக்கணக்கில் உறுத்தியது. பிற்காலத்தில் ஒருநாள் பேஸியிடம் உண்மையை ஒப்புக்கொண்டார். அது அன்றே எனக்குத் தெரியும், உயர்வை ஏன் திரும்ப எடுத்தேன் என்று நினைத்தாய் என்பது போலப் பேஸி கேட்டாராம். இதைவிட இனிதான மன்னிப்பு எளிதில் கிடைப்பதில்லை.

எலிங்டனிடம் அவர் கற்றது சுரங்களை மட்டுமன்று. ஒருமுறை எலிங்டன், ஜாஸ் தோன்றிய காலத்தில் வாழ்ந்த படி போல்டன் என்னும் கார்னெட் கலைஞராக வாசிக்கும்படி டெரியைப் பணித்தார். போல்டனின் ஒலிப்பதிவு எதுவுமே கிடையாது. அவரைப்பற்றித் தமக்கு ஒன்றும் தெரியாதே என்று டெரி தயங்கினார். எலிங்டன் அந்த மனிதரின் மிடுக்கையும் ஆற்றின் அக்கரைக்கும் கேட்ட அவர் நாதத்தையும் சொல்லால் வரைந்து காட்டி, போல்டன் நீதான் என்று முடித்தார். டெரி வாசித்தார், எலிங்டன் மகிழ்ந்தார். எப்படி வாசிப்பது என்று சொல்லாமலே வாசிக்க வைக்கும் இந்த முறையை டெரி மறக்கவில்லை. 1957-இல் ஷேக்ஸ்பியர் நாடகங்களைக் கருவாகக் கொண்டு எலிங்டன் அமைத்த இசைத்தொகுப்பில் பக் என்னும் குறும்புத் தேவதையாக டெரியின் டிரம்பெட் பேசுகிறது. மனிதக் குரல் போலவே சொற்றொடர் ஒன்றை அது உச்சரித்து முடிக்கும். டிரம்பெட்டைவிட அகன்ற குழலும் மென்மையான நாதமும் உடைய ஃபிளூகல்ஹார்ன் என்ற கருவிக்கு ஜாஸ் இசையில் நிலையான இடம் பெற்றுத்தந்தவர்களில் முதன்மையானவரும் இவரே. ஒரு கையில் டிரம்பெட், மறு கையில் ஃபிளூகல்ஹார்ன் என ஏந்தி, இரண்டும் உரையாடுவதுபோல் மாற்றி மாற்றி ஊதுவார்.

1960-இல் வேறொரு கதவு திறந்தது. அமெரிக்காவின் பெரிய ஒலி-ஒளிபரப்பு நிறுவனமான என்.பி.சி. தன் நிரந்தர இசைக்குழுவில் கறுப்பினத்தவர் ஒருவரையும் சேர்க்கவில்லை என்று அர்பன் லீக் என்னும் உரிமை அமைப்பு எதிர்ப்புத் தெரிவித்தது. அதன் விளைவாக டெரி சேர்க்கப்பட்டார்; அந்த நிறுவனத்தில் நிரந்தர இசைக்கலைஞரான முதல் கறுப்பினத்தவர் அவர். இரவு நிகழ்ச்சியான டுநைட் ஷோவின் குழுவில், அது 1972-இல் கலிபோர்னியாவுக்கு இடம்பெயரும் வரை, அவரை நாடு முழுவதும் கண்டது. முதலில் நுழைபவன் தவறினால் பின்னால் நிற்பவர்களுக்கும் கதவு மூடப்படும். அந்தச் சுமையைச் சிரித்த முகத்தோடு சுமந்தார்.

சிரிப்பு எளிதாய் வந்ததன்று. இளமையில் சுற்றுக்காட்சிக் குழு ஒன்றுடன் மிசிசிப்பி மாநிலத்தின் மெரிடியன் ஊரில் இருந்தபோது, வெள்ளையர் ஒருவர் கேட்ட கேள்விக்கு ‘ஐயா’ என்று சேர்க்காமல் விடை சொன்னதற்காகத் தலையில் தாக்கப்பட்டுச் சேற்றில் நினைவிழந்து கிடந்தார். அவரைத் தூக்கிச் சென்று தொடர்வண்டியில் ஒளித்தவர்கள் அதே குழுவின் வெள்ளைத் தொழிலாளர்கள். தடிகளோடு ஒரு கும்பல் தேடி வந்தபோது, அவனை உதைத்து அந்தப் பக்கம் துரத்திவிட்டோம் என்று எதிர்த்திசையைக் காட்டியவர்களும் அவர்களே. தம்மைக் கொல்ல வந்தவர்களின் நிறமும் காத்தவர்களின் நிறமும் ஒன்றாயிருந்ததை டெரி எப்போதும் சேர்த்தே சொல்வார். அவர் பின்னர் அமைத்த பெரிய குழுவில் இரு நிறத்தாரும் இருந்தனர். மாணவர்களிலும் அப்படியே.

மாணவர்களுள் மூத்தவரைப் பற்றி இங்கே கூற வேண்டும். பேஸி குழுவோடு டெரி சியாட்டில் நகரில் தங்கியிருந்தபோது பள்ளிச் சிறுவன் ஒருவன் பாடம் கேட்டு வந்தான். டெரிக்கு நள்ளிரவு கடந்தும் மேடை வேலை. சிறுவனுக்குக் காலையில் பள்ளி. இருவருக்கும் பொருந்தியது விடியற்காலை ஒன்றுதான். இரவெல்லாம் ஊதிக் களைத்துப் படுத்த மனிதரைக் கருக்கலில் சிறுவன் வந்து எழுப்புவான். அவன் ஊதுவாயை உதட்டில் தவறான இடத்தில் வைத்ததால் உதட்டில் இரத்தம் கசிவதைக் கண்டு டெரி முதலில் அதைத் திருத்தினார். கண்ணாடியும் காதும் இங்கே இல்லை. அவன் தானே எழுதிக் கொண்டுவந்த முதல் இசைக்கோப்பையும் பொறுமையாகப் பார்த்தார். அந்தச் சிறுவன் குவின்சி ஜோன்ஸ். உலகப் புகழ்பெற்ற இசையமைப்பாளராக விளங்கி 2024-இல் மறைந்தவர்.

1960-களில் நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் ஜாஸ்மொபைல் என்ற அமைப்பின் வழி ஏழைச் சிறுவர்களுக்குக் கற்பிக்கலானார். பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் ஜாஸ் ஒரு பாடமாக மதிக்கப்படாத நாள்கள் அவை. புகழின் உச்சியிலிருந்த கலைஞர் பள்ளிக்கூடங்களுக்குச் சென்று சிறுவர்களிடையே உட்கார்ந்து சொல்லித் தருவது புதுமை. டென்வர் நகரப் பள்ளிக் குழு ஒன்றில் பாடிய டயான் ரீவ்ஸைக் கேட்டு வியந்து மேடையேற்றியவர் இவர். அப்பெண் பின்னர் சிறந்த ஜாஸ் பாடகிகளுள் ஒருவரானார். நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தோடும் நியூஜெர்சியின் வில்லியம் பேட்டர்சன் பல்கலைக்கழகத்தோடும் நெடுங்காலம் தொடர்பு கொண்டிருந்தார். அயோவா மாநிலக் கல்லூரி ஒன்றில் அவர் பெயரால் ஓர் இசை நிறுவனமும் அமைந்தது. 1997-இல் அக்கல்லூரி மூடப்பட்டதால் அது நீடிக்கவில்லை. நிறுவனங்கள் அவருக்குக் கைகொடுத்ததைவிட மாணவர் ஒவ்வொருவராக அவரைத் தேடி வந்ததே மிகுதி.

கற்பிக்கும் முறையில் அவர் மூன்று படிகள் வகுத்தார்: முன்னோரை அப்படியே பின்பற்று, அதைச் செரித்து உனதாக்கு, பின்பு புதியதைப் படை. முதற்படியைத் தாண்டிக் குதிக்க எண்ணும் இளைஞர்களிடம் அவர் கண்டிப்பாயிருந்தார். கருவியை எடுக்குமுன் வாயால் பாடச் சொல்வார். சுரங்களைத் தெளிவாகவும் விரைவாகவும் பிரிக்க, ‘டூடில்’ போன்ற அசைகளை நாவால் உருட்டிப் பழக்குவார். மிருதங்கம் கற்பவர் கைக்கு முன் வாயால் சொற்கட்டுப் பழகுவது போன்றது அது. நாவுக்கு வந்தது விரலுக்கு வரும் என்பது அவர் நம்பிக்கை.

இசை வரலாற்று நூல்கள் பலவும் ஆம்ஸ்ட்ராங், கில்லஸ்பி, மைல்ஸ் டேவிஸ் என்று பெயர்களை அடுக்கி, டெரியை ஓரிரு பத்திகளில் கடந்துவிடுகின்றன. புதிய பாணியைத் தொடங்கியவர்களுக்கே வரலாறு இடம் தருகிறது என்பதால் அது முற்றும் தவறன்று. அவருடைய நகைச்சுவையும் ஓரளவுக்கு அதற்குக் காரணம். 1964-இல் ஆஸ்கார் பீட்டர்சனுடன் பதிவுசெய்த ‘மம்பிள்ஸ்’ என்ற பாடலில், பொருளற்ற சொற்களை முணுமுணுத்துப் பாடிச் சிரிக்க வைத்தார். சிரிக்க வைப்பவரின் ஆழத்தை உலகம் எளிதில் நம்புவதில்லை. ஆயினும் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட ஒலிப்பதிவுகளில் இடம்பெற்ற ஒருவரைத் துணைக்கலைஞர் என்று ஒதுக்குவது நேர்மையாகாது.

முதுமை அவரிடம் இரக்கம் காட்டவில்லை. நெடுநாளாய் இருந்த நீரிழிவு கண்பார்வையை மெல்ல மெல்லப் பறித்தது. வில்லியம் பேட்டர்சன் பல்கலைக்கழகத்தில் படித்த ஜஸ்டின் காஃப்லின் என்ற பியானோ மாணவர் அப்போது அவரிடம் வந்து சேர்ந்தார். பதினொரு வயதிலேயே பார்வையை இழந்தவர் அவர். இசையை ஆசிரியர் கற்பித்தார். இருளில் வாழும் முறையை மாணவர் கற்பித்தார். டெரியும் மனைவி குவெனும் 2006-இல் ஆர்கன்சா மாநிலத்தின் பைன் பிளஃப் ஊரில் குடியேறிய பின்னரும் இளைஞர்கள் தேடி வந்தனர். படுக்கையே வகுப்பறை. ஆஸ்திரேலிய மாணவரான ஆலன் ஹிக்ஸ் இவ்வாண்டுகளைப் படமாக்கினார். ‘கீப் ஆன் கீப்பின் ஆன்’ என்ற அந்த ஆவணப்படம் 2014-இல் வெளிவந்தது. நடுஇரவிலும் படுத்தபடியே டெரி ஒரு சொற்கட்டைப் பாட, காஃப்லின் திருப்பிப் பாட, திருத்தம், மீண்டும் பாட்டு எனப் பாடம் நீளும் காட்சிகள் அதில் உள்ளன. 2011-இல் காஃப்லின் பெரிய போட்டி ஒன்றுக்குப் புறப்பட்டபோது மேடையில் நடுங்கும் தம் மாணவருக்கு, தமக்கு நல்வாய்ப்புத் தந்ததாகக் கருதிய காலுறைகளை டெரி அனுப்பினார். காஃப்லின் அரையிறுதியோடு நின்றுவிட்டார். அதே ஆண்டு இறுதியில் டெரியின் வலது கால் அகற்றப்பட்டது. பின்னர் இடது காலும்.

முதல் மாணவரான குவின்சி ஜோன்ஸ் ஒருநாள் பழைய ஆசிரியரைக் காண அவ்வீட்டுக்கு வந்தார். காஃப்லின் வாசிப்பதைக் கேட்டார். தம் குழுவோடு அவரை உலகச் சுற்றுலாவுக்கு அழைத்துச் சென்றார். அவருடைய இசைத்தட்டு ஒன்றையும் முன்னின்று உருவாக்கினார். 2014 டிசம்பரில், 94-ஆம் பிறந்த நாள் நெருங்கிய வேளையில், டெரி மருத்துவமனையில் இருந்தார். வின்டன் மார்சாலிஸ் தலைமையிலான லிங்கன் சென்டர் ஜாஸ் குழுவினர் அனைவரும் கருவிகளோடு பைன் பிளஃப் வந்து, மருத்துவமனையிலேயே அவருக்காக வாசித்தனர். அடுத்த மாதம் காஃப்லினின் இசைத்தட்டு வெளிவந்தது. அதில் டெரியின் பெயரால் அமைந்த உருப்படி ஒன்றும் உண்டு. அதற்கடுத்த மாதம், 2015 பிப்ரவரி 21 அன்று, கிளார்க் டெரி கண்மூடினார்.